பிபினின் செவி

கம்ப்யூட்டரில் வயலின் வாசிக்கும்போது இடையிடையே கடுகு பொரிவதுபோல் சத்தம் வந்தால் பயப்பட வேண்டாம். எல்லாருக்கும் வருவதுதான். புதிதாக ஸ்டுடியோ போட்டவர்கள் மார்த்தாண்டத்திலிருந்தும் அஞ்சுகிராமத்திலிருந்தும் எனக்குப் போன் செய்து அழாத குறையாகக் கேட்பார்கள். ஸ்பீக்கர் போய்விட்டதா, சவுண்ட் கார்டு போய்விட்டதா, போட்ட முதலெல்லாம் தண்ணீரில் போனதா என்று. நான் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுப்பேன். இதற்கென்று யாரிடமும் ஒரு பைசா வாங்கியதில்லை. ஆன்ட்ரூஸ் அண்ணனுக்குப் பொறுமை அதிகம் என்பார்கள்.

விஷயம் எளிது. எங்கோ வெளிநாட்டில் ஒரு பெரிய மண்டபத்தில் வயலின்காரர்களை உட்காரவைத்து, ஒவ்வொரு சுரத்தையும் தனித்தனியாக வாசிக்கச் சொல்லிப் பதிந்து விற்கிறார்கள். நீங்கள் கீபோர்டில் ஒரு கட்டையை அழுத்தும்போது இயந்திரம் ஓடிப்போய் அந்தச் சுரத்தை எடுத்துவந்து உங்கள் காதில் போட வேண்டும். கல்யாண வீட்டுப் பந்தி மாதிரி. பரிமாறுகிறவன் வரக் கொஞ்சம் பிந்தினால் இலை காலியாகக் கிடக்கும். அந்தக் காலி இடம்தான் பொரிகிறது. எனவே இயந்திரத்தைப் பிந்தவைப்பது எது என்று தேட வேண்டும். கேட்கிறவன் செவியில் ஒருநாளும் கோளாறு இருக்காது.

நான் குளச்சல் பஜாரில் ஒரு ஜவுளிக்கடையின் மாடியில் ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். எங்கள் கடற்கரைக் கிறிஸ்தவ ஊர்களில் கோவில் திருவிழா வந்தால் புதுப்பாட்டு சிடி ஒன்று போட்டாக வேண்டும். கொடியேற்றத்தன்று அதை மைக்கில் கேட்டால்தான் ஆட்களுக்குத் திருவிழா தொடங்கின மாதிரி இருக்கும். அந்த சிடிகளில் பாதிக்குமேல் என் மாடியில் பிறந்தவை. உறையில் ‘இசை: ஆன்ட்ரூஸ்’ என்று இருக்கும்.

அந்த இசையைச் செய்தவன் பிபின். இதைச் சொல்வதில் எனக்கு இப்போது மனத்தாங்கல் இல்லை. கடியப்பட்டணத்துக்காரன். கோவில் பாடகர் குழுவில் ஆர்மோனியம் வாசித்துக்கொண்டிருந்த வாலிபனை நான்தான் கூட்டிவந்து கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவைத்தேன். ஒரே வருடத்தில் என்னைத் தாண்டிப் போய்விட்டான். ஒரு பாட்டுக்கு வயலின் கோர்க்க நான் பகல் முழுவதும் முக்குவேன். அவன் கண்ணை மூடிக்கொண்டு, தலையைக் கொஞ்சம் சாய்த்து, முதல் தடவையிலேயே வாசித்துவிடுவான். கேட்கிறவன் கையிலிருக்கும் வேலையை மறந்துவிடுவான். நான் மறந்திருக்கிறேன். அப்படி வாசித்துவிட்டும் என் பக்கம் திரும்பி, “கொள்ளாமா அண்ணே, நல்லாருக்கா?” என்று கேட்பான். தன் காதைவிட என் காதை நம்பினான். அவன்மேல் எனக்கிருந்த பாசத்தை மட்டும் நீங்கள் சந்தேகப்படக் கூடாது. எனக்குக் கூடப்பிறந்தவர்கள் கிடையாது.

இரண்டாயிரத்துப் பதினொன்றில் ஒரு புது வயலின் தொகுப்பு வாங்கினேன். அதைப் போட்ட வாரத்திலிருந்தே பொரியத் தொடங்கியது. ஹெட்போன் மாட்டினால் இரண்டு பேருக்கும் நன்றாகக் கேட்கும்.

அதைச் சரிசெய்யப் பிபின் பட்ட பாடு கொஞ்சநஞ்சம் இல்லை. பஃபர் என்று ஒன்று உண்டு. பந்திக் கணக்கில் சொன்னால், பரிமாறுகிறவன் கையிலிருக்கும் வாளியின் அளவு. அதைக் கூட்டினான், பொரிந்தது. இன்னும் கூட்டினான், கட்டையை அழுத்திக் கொஞ்சம் கழித்துத்தான் சத்தமே வந்தது, அப்போதும் பொரிந்தது. மெமரி வாங்கிப் போட்டோம். வயலின் துண்டுகளை வேறு டிஸ்க்குக்கு மாற்றினான். வைரஸ் தேடுகிற மென்பொருளை நிறுத்தினான். நெட் இணைப்பைத் துண்டித்தான். எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து ஏற்றினான். சிடியில் பதியும்போது பொரியாது, ஏனென்றால் அப்போது இயந்திரத்துக்கு அவசரமில்லை, சாவகாசமாக எடுத்துவைக்கும். அதனால் வேலை நடந்துகொண்டிருந்தது. ஆனாலும் வாசிக்கிறவனுக்குப் பாயசத்தில் கல் கடிபடுகிற மாதிரிதானே. “இவன் என்னைக் கொல்லாம விடமாட்டான் அண்ணே” என்று இயந்திரத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே சொல்வான்.

காரணத்தைக் கண்டுபிடித்தவன் நான். அதுவும் தற்செயலாக. விசிறிச் சத்தம் மைக்கில் விழாமலிருக்க, இயந்திரத்தைப் பக்கத்துச் சிறு அறையில் வைத்துப் பூட்டி, சுவரில் துளைபோட்டு ஒயர்களை மட்டும் இந்தப் பக்கம் எடுத்திருந்தேன். வயலின் தொகுப்பு வாங்கின அதே வாரம் நெட்டுக்காக வாங்கின டாங்கிள் அதன் முதுகில் செருகியிருந்தது. விரல் நீளம்தான் இருக்கும். ஒருநாள் ரீசார்ஜ் செய்யக் கடைக்குக் கொண்டுபோவதற்காக அதைப் பிடுங்கிப் பையில் போட்டேன். வெளியே வந்து சும்மா ஒரு பாட்டை ஓடவிட்டால் வயலின் பச்சைத்தண்ணீர் மாதிரி ஓடுகிறது. திரும்பச் செருகினேன், பொரிந்தது. பிடுங்கினேன், நின்றது. நெட்டைத் துண்டித்தாலும் பயனில்லை. செருகியிருந்தாலே போதும், அது இயந்திரத்தைச் சும்மா சும்மா கூப்பிட்டுத் தொல்லை கொடுத்துக்கொண்டிருக்கும்.

பிபின் வந்ததும் சொல்லி, அவன் முகம் மலர்வதைப் பார்க்க வேண்டுமென்று காத்திருந்தேன். இது சத்தியம்.

அவன் படிகளைத் தாவித் தாவி ஏறிவந்தான். மூச்சு வாங்கியது. “அண்ணே, மெட்ராஸ்லேருந்து விளிச்சாவ” என்றான். சினிமாவுக்கு இசையமைக்கிற ஒருவருக்கு வயலின் வேலை செய்ய ஆள் வேண்டுமாம். எங்கள் திருவிழா சிடி எப்படியோ அவர் காதுக்குப் போயிருக்கிறது. உறையில் என் பெயர்தான் இருந்தது. ஆனாலும் வாசித்தது யார் என்று விசாரித்து அவனைப் பிடித்திருக்கிறார்கள். “இந்தத் திருவிழா முடிஞ்ச ஒடனே வரணுமாம். அம்மைட்டகூட இன்னும் சொல்லல்ல. மொதல்ல ஒங்களுக்கிட்டதான் சொல்லுகேன்.”

“நல்லா இரு மக்கா” என்றேன். அவன் என் கையைப் பிடித்துக்கொண்டான். டாங்கிள் என் சட்டைப்பையில் இருந்தது. அதைப் பற்றிப் பேச அப்போது தோன்றவில்லை.

மறுநாள் மெயில் பார்க்க அதை மறுபடி செருகினேன். எப்போதும் செய்வதுதான். பிபின் வந்து ஹெட்போனை மாட்டினான், நான் இன்னொன்றை மாட்டினேன். வாசிக்கத் தொடங்கியதுமே முகத்தைச் சுளித்தான்.

“பின்னயும் பொரியுது அண்ணே. கேட்டியளா?”

எனக்குத் தெளிவாகக் கேட்டது. “இல்லியே” என்றேன். “நீ எல்லாம் அழிச்சு ஏத்தினதோட அது நின்னு போச்சுல்லா. நேத்தும் நான் போட்டுப் பாத்தேனே.”

“இந்தா, இப்ப பாருங்க. இந்த எடத்துல.”

“எனக்கு ஒண்ணும் கேக்கலியே மக்கா.”

ஏன் அப்படிச் சொன்னேன் என்று பிறகு பலமுறை யோசித்திருக்கிறேன். பெரிய திட்டமெல்லாம் கிடையாது. கொஞ்சம் விளையாட்டு, கொஞ்சம் கோபம். கொஞ்சநேரம் முழிக்கவிட்டு உண்மையைச் சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் அவன் இயந்திரத்தைத் திட்டவில்லை. ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு, உள்ளங்கையால் ஒரு செவியைப் பொத்தினான். எடுத்தான். மறுபடி பொத்தினான். முகம் வெளுத்துப்போயிற்று.

வேறு ஊர்க்காரர்களுக்கு இது விளங்காது. கடியப்பட்டணத்தில் பாறையடியில் முங்கிச் சிப்பி எடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். மூச்சை அடக்கிக்கொண்டு ஆழத்துக்குப் போய்ப் போய் அவர்களில் பலருக்குச் செவி கெட்டுவிடும். அது ஒரே நாளில் கெடுவதில்லை. முதலில் பொரியும். ஒருநாள் பொரியும், ஒருநாள் இருக்காது. வீட்டில் சும்மா இருந்தால் கேட்காது, வேலையில் நிற்கும்போது கேட்கும். டாக்டர் பார்த்தால் நன்றாகத்தான் இருக்கிறது என்பார். பிறகு என்றைக்காவது மொத்தமாக அடைத்துக்கொள்ளும். பிபினின் அப்பாவுக்கு அப்படித்தான் ஆயிற்று. சாகிறவரைக்கும் மகனுடைய பாட்டை அவர் கேட்டதில்லை, உதட்டைப் பார்த்துக்கொண்டிருப்பார். பிபினும் படிக்கிற காலத்தில் லீவு நாட்களில் அப்பாவோடு முங்கியவன்தான்.

“அப்பாக்கும் இப்பிடித்தான் தொடங்கிச்சு” என்றான். குரல் கீழே போயிருந்தது. அப்போது நான் சொல்லியிருக்கலாம். டீ வாங்கிவரலாம் என்று இறங்கிப் போனேன்.

அதற்குப் பிறகு அது ஒரு நடைமுறை ஆகிவிட்டது. அவன் தனியாக வாசிக்கும்போது டாங்கிள் செருகியிருக்கும். பாட வருகிறவர்கள் படியேறுவது கேட்டால் நான் சிறு அறைக்குள் போய் அதை எடுத்துவிடுவேன். ஒருநாள் அவன் தங்கை ஜெமியைக் கூட்டிவந்தான். பாடகர் குழுவில் அவளுக்குத்தான் நல்ல காது. ஹெட்போனை அவள் தலையில் மாட்டி, “ஏட்டி, நல்லா கவனிச்சுக் கேளு” என்றான். அவள் முழுப்பாட்டையும் கேட்டுவிட்டு, “சுத்தமா இருக்கே அண்ணே” என்றாள். அவன் வாங்கிக் கேட்டான். அவனுக்கும் ஒன்றுமில்லை. “இப்ப போயிட்டு” என்றான். கேட்காமல் போனதுதான் அவனை அதிகமாகப் பயமுறுத்தியது. அப்பாவுக்கும் அப்படித்தானே வந்து வந்து போயிற்று. வீட்டில் சிடி போட்டால் பொரியவில்லை என்று இன்னொரு நாள் கொஞ்சம் தெம்பாகச் சொன்னான். வீட்டில் செவிக்கு ஓய்வு கிடைக்குமில்லையா என்றேன். யோசித்துவிட்டுத் தலையசைத்தான்.

நான் அவனுக்குக் கெடுதல் நினைக்கவில்லை. சென்னைக்குப் போனவர்களை நான் பார்த்திருக்கிறேன். அங்கே இவனைப்போல நூறு பேர். வாடகை அறையில் கிடக்கவைத்து, பிழிந்து எடுத்துவிட்டுத் துப்பிவிடுவார்கள். இங்கே என்றால் நான் இருக்கிறேன். மத்தியானம் என் வீட்டிலிருந்து சோறு வரும். திருவிழா முடிந்து அந்த அழைப்பு ஆறிப்போகட்டும், பிறகு டாங்கிளைத் தூக்கிப் போட்டுவிடலாம், செவியும் தானாகச் சரியாகிவிட்டதாக அவன் சந்தோஷப்படுவான் என்று கணக்குப் போட்டிருந்தேன். யாருக்கும் நஷ்டமில்லை.

இடையில் நாகர்கோவிலில் ஒரு செவி டாக்டரிடம் காட்டிவிட்டு வந்தான். வந்த அன்று கையில் ஒரு சீப்பு மட்டிப்பழம் இருந்தது. “கொறையே இல்லியாம் அண்ணே. இப்பிடித் தெளிவான செவி பாத்ததே இல்லண்ணு டாக்டர் சொன்னாரு. எல்லாம் நான் பயந்ததுதான்” என்றான். எத்தனையோ நாளைக்குப் பிறகு அவன் பல் தெரியச் சிரித்தது அன்றைக்குத்தான். ஒரு பழத்தை உரித்து என் கையில் தந்தான். நான் தின்றேன். நல்ல இனிப்பு. “இரி மக்கா, ஒரு மெயில் பாக்கணும்” என்று சொல்லிவிட்டுச் சிறு அறைக்குப் போனேன்.

திரும்பிவந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்து ஹெட்போனை மாட்டிக்கொண்டேன். வாசிக்கத் தொடங்கினான். பொரிந்தது. அவன் நிறுத்தவில்லை. கேட்டியளா என்றும் கேட்கவில்லை. என் முகத்தை மட்டும் பார்த்தான். நான் விரலால் மேசையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தேன். அவன் கண்ணை மூடாமல், கட்டைகளைப் பார்த்தபடியே கடைசிவரை வாசித்தான். “நல்லா வந்திருக்கு மக்கா” என்றேன். “சரி அண்ணே” என்றான். அந்த ‘சரி அண்ணே’ என் நெஞ்சில் இன்னும் கிடக்கிறது. அதை நினைத்து நான் அழுதிருக்கிறேன். நம்பினால் நம்புங்கள்.

என் முன்னால் வைத்தே சென்னைக்குப் போன் செய்தான். “வர முடியாது சார், வீட்டுல கொஞ்சம் சௌகரியப்படல்ல” என்றான். வேறு காரணம் சொல்ல வெட்கமாக இருந்திருக்கும். வைத்தபிறகு நான் அவன் தோளில் கைபோட்டு, “செவி போனா போட்டும்லே. நான் கேட்டுச் சொல்லுகேன், நீ வாசி. நம்ம ரெண்டுபேருக்கும் எனக்க செவி போதும்” என்றேன். மனசாரச் சொன்னதுதான். அன்று எனக்கு நிம்மதியாக இருந்தது.

திருவிழா சிடி முடிந்தபிறகு அவன் வரவில்லை. டாங்கிளை எடுத்துவிட்டு நான் காத்திருந்ததுதான் மிச்சம். ஒருவாரம் பொறுத்துவிட்டு வீட்டுக்குப் போனேன். அவன் அம்மா ரீத்தா வாசலில் நின்று, “தங்கலுக்குப் போயிருக்கான் ஐயா. இனி வாரக்கணக்குக்கு ஆழக்கடல்லதான்” என்றாள். “செவி போனபொறவு தப்பா வாசிச்சுப் பேரு கெடுக்கதுக்கு, இப்பவே விட்டுருகேன் அம்மாண்ணு சொல்லுகான். அவனுக்க பெட்டிய துணி போட்டு மூடி வச்சிருக்கு பாருங்க.” ஆர்மோனியத்தின்மேல் அவனுடைய வெள்ளைச் சட்டை ஒன்று விரித்திருந்தது. எனக்கு நெஞ்சு உடைந்துபோயிற்று. இவ்வளவு செய்தும் அவன் என்னோடு நிற்கவில்லை.

போய்ச் சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். எத்தனையோ வருடம் இருந்தது. ஆனால் சொன்னால் என் முகத்தில் விழிப்பானா? சொல்லாதவரைக்கும், திருவிழாக் கூட்டத்தில் பார்த்தால் ஓடிவந்து, “அண்ணே, சொகமா?” என்று கேட்பான். பாடகர் குழு பாடும்போது மட்டும் கோவிலுக்கு வெளியே, தென்னை மரத்தின் மூட்டில் போய் நின்றுகொள்வான். அந்த ‘சொகமா’வை இழக்க எனக்கு மனம் வரவில்லை. இதில் என்ன தப்பு இருக்கிறது என்று எனக்கு அப்போது விளங்கவில்லை.

ஒக்கிப் புயல் வந்தபோது அவன் கடலில் இருந்தான். படகு கவிழ்ந்தது. அதிலிருந்து பிழைத்து வந்தவர் மரியஜான் ஒருவர்தான். பிபினின் உடல் கிடைக்கவில்லை. துக்கம் கேட்கப் போன இடத்தில் மரியஜான் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். சாயங்காலமே பக்கத்துப் படகுக்காரர்கள் வயர்லெஸ்ஸில் கூப்பிட்டார்களாம், கரைக்குத் திரும்புங்கள் என்று. அவர்கள் தப்பிவிட்டார்கள். “எங்க வயர்லெஸ் பக்கத்துல பிபின்தான் இருந்தான். நாங்க வலைப்பக்கம் நிண்ணோம். எங்ககிட்ட அவன் ஒண்ணும் சொல்லல்ல. போட்டு கவுந்தபொறவு ரெண்டுபேரும் பலகையைப் புடிச்சுக் கெடக்கும்போதான் சொல்லுகான். ‘மாமா, வயர்லெஸ் பொரிஞ்சு பொரிஞ்சு கேட்டுது. எனக்க செவிதாண்ணு நெனச்சு அணைச்சுட்டேன். எல்லாரையும் கொன்னுட்டேன் மாமா’ண்ணு. அதையே சொல்லிட்டுக் கெடந்தான். பொறவு சத்தத்தக் காணல்ல.”

மரியஜான் அழுதார். சுற்றியிருந்தவர்கள், பாவம், செவி கேட்காதவனை வயர்லெஸ் பக்கத்தில் உட்காரவைத்திருக்கக் கூடாது என்று பேசிக்கொண்டார்கள். பிபினின் செவியில் ஒரு குறையும் இருந்ததில்லை என்பது அந்த வீட்டில் எனக்கு மட்டும் தெரிந்திருந்தது. அவனைக் கெடுத்தது நான். அந்தப் படகைக் கெடுத்ததும் நான்தான். இதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் சுற்றிவந்தேன். இனி ஒளிக்க ஒன்றுமில்லை. மனம் கொஞ்சம் லேசாக இருக்கிறது.

ஒன்றே ஒன்று பாக்கி. நினைவுப் பூசைக்கு அண்ணன் வாசித்த பாட்டு ஒன்று வேண்டும் என்று ஜெமி போனமாதம் வந்திருந்தாள். இப்போது பாடகர் குழுவை நடத்துகிறவள் அவள்தான். ஆர்மோனியத்தின்மேல் கிடந்த சட்டையை எடுத்துவிட்டு அவளே வாசிக்கிறாளாம். பழைய பாட்டுகள் பழைய இயந்திரத்தில்தான் திறக்கும். அதைப் போட்டு, ஹெட்போனை அவளுக்குக் கொடுத்துவிட்டு நானும் மாட்டிக்கொண்டேன். அதன் பின்னால் ஏதோ ஒரு வைஃபை டாங்கிள் செருகி மறந்துபோய்க் கிடந்திருக்கிறது. பிபினின் வயலின் வந்தது. கூடவே பொரிந்தது.

ஜெமியின் முகம் மாறியது. மெதுவாகக் கையைத் தூக்கி ஒரு செவியைப் பொத்தினாள்.

“அண்ணே, ஒரு சத்தம் கேக்குது. கடுகு பொரியது மாதிரி. ஒங்களுக்குக் கேக்குதா?”

கேட்கிறது என்றால் அவள் அடுத்து என்ன கேட்பாள் என்று எனக்குத் தெரியும்.

“எனக்கு ஒண்ணும் கேக்கலியே மக்ளே” என்றேன்.

அவள் ஹெட்போனைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். “அப்ப அப்பாக்கும் அண்ணனுக்கும் வந்தது எனக்கும் வந்துட்டுது” என்றாள். கண்ணிலிருந்து நீர் ஓடியது. தண்ணீர் கொடுத்தேன். பயப்படாதே, நல்ல டாக்டராகப் பார்க்கலாம், அதுவரை ஆர்மோனியத்தில் உட்கார வேண்டாம் என்றேன். மாடிப்படி செங்குத்தானது. கையைப் பிடித்துக் கீழேவரை கூட்டிவந்து, ஆட்டோ பிடித்து ஏற்றிவிட்டேன். அந்தக் குடும்பத்துக்கு என்னை விட்டால் வேறு யார் இருக்கிறார்கள்.